தொட்டிற் பழக்கம்

"தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்னும் பழமொழியைக் கேளாதார் நம் நாட்டில் இரார். இளமையிற் படிந்த பழக்கம் இறுதிவரை நீங்காது என்பது அதன் கருத்து. ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவோரும் கல்வியைப் பற்றிப் பேசுவோரும் இதனை எடுத்துக்காட்டுவர். ஆனால், தொட்டிலிற் கிடக்கும் குழந்தை அங்கே உண்மையில் எதனைப் பழகுகின்றது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது பழகுவது உறக்கத்தை. எப்பொழுது உறங்குவது, எவ்வாறு உறங்கத் தொடங்குவது, நள்ளிரவில் விழித்துக்கொண்டால் என்ன செய்வது என்னும் மூன்றினையும் அது தொட்டிலில்தான் கற்கின்றது. அந்த முதற் பாடத்தைப் பற்றியே நான் இன்று பேச விழைகின்றேன்.

"இது தாய்மார்க்குச் சொல்லவேண்டிய செய்தியாயிற்றே, பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் எங்களுக்கு எதற்கு?" என்று மாணவ மாணவியர் கேட்கலாம். நாஞ்சில் நாட்டு வீடுகளை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். அடுக்களையில் தாய்க்கு வேலை வந்ததும் தொட்டிற் கயிறு மூத்த பிள்ளையின் கைக்கு வந்துவிடும். ஒரு கையில் பாடநூலும் மறு கையில் தொட்டிற் கயிறுமாகப் படித்துத் தேறியவர்கள் நம்மிடையே பலர். கயிற்றைப் பிடிப்பவர் அதன் பயனையும் அறிந்திருத்தல் நன்று அல்லவா?

முதலில், எந்தப் பருவத்துக் குழந்தையைக் குறித்துப் பேசுகின்றேன் என்பதைச் சொல்லிவிடுகின்றேன். பிறந்து ஓரிரு மாதங்களே ஆன குழந்தைக்குப் பகலும் இல்லை, இரவும் இல்லை. பசித்தபோது விழிக்கும், பசி தீர்ந்தபோது உறங்கும். அதனிடம் ஒழுங்கை எதிர்பார்ப்பது வீண். மூன்று மாதங்களை ஒட்டி, இருளையும் ஒளியையும் வேறுபடுத்தி அறியும் கடிகாரம் ஒன்று அதன் உடலுக்குள் ஓடத் தொடங்குகின்றது. ஆறு மாதம் நிறைந்தபின் அக்கடிகாரத்தை வீட்டின் ஒழுங்கோடு பொருத்தலாம். ஆகவே, ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரையுள்ள குழந்தையே இன்று நமக்குப் பொருள்.

இவ்விடத்தில் நம் இலக்கிய மரபு ஒன்று நினைவுக்கு வருகின்றது. பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துள்ளன. அவற்றுள் மூன்றாவதாகிய தாலப் பருவமே தாலாட்டுக்கு உரியது. அதனை ஏழாம் மாதத்தை அல்லது எட்டாம் மாதத்தை ஒட்டி வைப்பது வழக்கம். குழந்தை கேட்கவும் விளங்கிக்கொள்ளவும் தலைப்படுகின்ற பருவத்தில் உறக்கப் பாட்டை வைத்தது எண்ணி மகிழத்தக்கது.

இனி, உறக்கம் என்பது யாது? விழிப்பின்மையே உறக்கம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்னும் மாணவர், நத்தானியேல் கிளெய்ட்மன் என்னும் பேராசிரியரின் கீழ் ஆராய்ந்துவந்தார். உறங்கும் குழந்தைகளின் கண்ணசைவைக் கூர்ந்து நோக்குவதே அவர் முதலில் மேற்கொண்ட பணி. அதிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சியின் பயனாக, மூடிய இமைகளின் கீழே கண்கள் விரைந்து அசையும் ஓர் உறக்க நிலை உண்டென்பதை இருவரும் 1953ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். உறக்கம் ஒரே நீரோட்டம் அன்று; ஆழ்ந்த உறக்கமும் மேலோட்டமான உறக்கமும் மாறி மாறி வரும் அலைகளே அது என்பது அதன்பின் தெளிவாயிற்று. பெரியவர்களுக்கு ஓர் அலை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீடிக்கும். குழந்தைக்கோ ஐம்பது அல்லது அறுபது நிமிடங்களில் ஓர் அலை முடிந்துவிடும். ஓர் அலை முடிந்து மற்றோர் அலை தொடங்கும் இடைவெளியில் உறக்கம் மிக மெல்லியதாகிவிடும். குழந்தை புரளும், முனகும், சில வேளை கண் திறந்தும் பார்க்கும்.

இவ்வளவு உறக்கம் எதற்கு என்று ஐயுறவேண்டா. உடல் வளர்ச்சிக்குரிய சுரப்பு ஆழ்ந்த உறக்கத்தின்போதே மிகுதியாகச் சுரக்கின்றது. கல்விக்கும் உறக்கம் துணை. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆறு மாதமும் பன்னிரண்டு மாதமும் ஆன 216 குழந்தைகளுக்குப் பொம்மையைக்கொண்டு சில எளிய செயல்களைச் செய்து காட்டினர். பார்த்தபின் நான்கு மணி நேரத்திற்குள் அரைமணியேனும் உறங்கிய குழந்தைகளே அச்செயல்களைப் பின்னர் நினைவிற்கொண்டு செய்தன. தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுதும் கண்விழிக்கும் மாணவர்கள் இதனைத் தங்களுக்கும் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நேரம் உறங்கவேண்டும்? நான்கு மாதம் முதல் பதினொரு மாதம் வரை, பகலுறக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரமும், ஒரு வயது முதல் இரண்டு வயது வரை 11 முதல் 14 மணி நேரமும் நல்ல உறக்கம் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வரையறுத்தது.

"எங்கள் வீட்டுக் குழந்தை இரவில் நான்கு முறை எழுகின்றதே!" என்று வருந்தும் தாய்மார் பலர். அவர்களுக்கு ஒரு செய்தி. 1979ஆம் ஆண்டில் தாமஸ் ஆண்டர்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர், உறங்கும் குழந்தைகளை இரவு முழுதும் படக்கருவியாற் பதிவு செய்து ஆராய்ந்தார். நன்றாக உறங்குவதாகப் பெற்றோர் நம்பிய குழந்தைகளும் இரவில் விழித்தே இருந்தன! அவை சற்று நேரம் கை காலை அசைத்துவிட்டுத் தாமே மீண்டும் உறங்கிவிட்டன. மற்றவை அழுது பிறரை எழுப்பின. ஆகவே, நல்ல உறக்கமுடைய குழந்தை விழிக்காத குழந்தை அன்று. விழித்தபின் தானே மீண்டும் உறங்கத் தெரிந்த குழந்தையே. நான் இன்று சொல்ல வந்தவற்றுள் தலையாயது இதுவே.

இத்திறம் சில குழந்தைகளுக்கு மட்டும் கைகூடுவானேன்? நாகர்கோவிலில் பேருந்து ஏறித் திருவனந்தபுரம் செல்லும் ஒருவர், வண்டியின் ஆட்டத்தில் சுகமாகக் கண்ணயர்கின்றார். இடையில் வண்டி நின்றதும் ஆட்டமும் நிற்கின்றது. அவர் திடுக்கிட்டு விழித்துக்கொள்கின்றார். தொட்டிலின் ஆட்டத்திலேயே உறங்கிப் பழகிய குழந்தையின் நிலையும் அதுவே. உறங்கத் தொடங்கும்போது இருந்த ஆட்டம், நள்ளிரவில் உறக்கம் மெலியும்போது இல்லை. முலைப்பால் அருந்திக்கொண்டே கண்ணுறங்கும் குழந்தைக்கும், தோளில் கிடந்து உறங்கும் குழந்தைக்கும் இஃது ஒக்கும். எந்த நிலையில் உறங்கத் தொடங்கியதோ அந்த நிலையையே அது மீண்டும் வேண்டி அழுகின்றது. பிடிவாதத்தினால் அன்று, வேறு வழி அதற்குத் தெரியாமையினால்.

இன்னொரு காரணமும் உண்டு. ஐந்தாம் மாதத்தில் நன்றாக உறங்கிய குழந்தை எட்டாம் மாதத்தில் திடீரென்று இரவெல்லாம் அழுவதைக் கண்டிருப்பீர்கள். கண்ணுக்கு மறைந்த பொருளும் எங்கோ இருக்கின்றது என்னும் அறிவு, முதலாண்டின் பிற்பகுதியில் குழந்தைக்கு முகிழ்ப்பதை சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே விளக்கியுள்ளார். கண்ணெதிரே இல்லாத தாய் எங்கோ இருக்கின்றாள் என்று அறிந்த குழந்தை அவளைத் தேடி அழுகின்றது. அறிவு வளர்ந்ததன் அடையாளமே அந்த அழுகை. பகலில் முகத்தை மூடித் திறந்து விளையாட்டுக் காட்டினால், மறைந்தவர் மீண்டும் வருவர் என்னும் நம்பிக்கை அதற்கு வளரும்.

இனிச் செய்யவேண்டுவன யாவை? முதலாவது, காலம். இவ்வகையில் குமரி மாவட்டத்திற்கு இயற்கை பெருந்துணையாக நிற்கின்றது. இலண்டன் மாநகரில் கோடையின் நெடும்பகல் பதினாறு மணி நேரத்திற்கும் மேற்பட்டது; அங்குள்ள தாய் திரையை இழுத்து மூடி இருளை உண்டாக்கவேண்டும். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே எட்டுப் பாகையில் அமைந்த நம் பகுதியிலோ, ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்தை எட்டாது. ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே வேளையில் இருள் வந்து சேரும். அந்தி விளக்கு ஏற்றும் அந்த நேரத்தையே உறக்க ஒழுங்கின் தொடக்கமாகக் கொள்ளலாம். அதன்பின் கண்கூசும் விளக்கும், தொலைக்காட்சியின் இரைச்சலும், கைப்பேசியின் ஒளியும் குழந்தையினருகே வேண்டா. ஒளி கண்ணிற்பட்டால், உறக்கத்தை அழைக்கும் மெலட்டோனின் என்னும் சுரப்பு குறைந்துவிடும். காலையில் எழும் நேரமும் நாள்தோறும் ஒத்திருக்கவேண்டும். பிற்பகலுறக்கம் மாலைவரை நீண்டால் இரவுறக்கம் தள்ளிப்போகும் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது, முறை. வெந்நீரில் உடம்பு துடைத்தல் அல்லது குளிப்பாட்டுதல், மெல்ல எண்ணெய் தடவுதல், மாற்றுடை, பால், பின்பு தாலாட்டு என்று நாள்தோறும் ஒரே வரிசையில் அமைந்தால், அடுத்து வருவது உறக்கம் என்று குழந்தை உணர்ந்துகொள்ளும். 2009ஆம் ஆண்டில் ஜோடி மிண்டெல் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும், ஏழு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளையுடைய 405 தாய்மாரைக்கொண்டு இதனை ஆராய்ந்தனர். இரண்டே வாரம் இத்தகைய ஒழுங்கைக் கடைப்பிடித்த வீடுகளில் குழந்தைகள் விரைவில் உறங்கின. இரவில் விழிப்பது குறைந்தது. தாய்மாரின் மனச்சோர்வும் தணிந்தது. நம் பாட்டிமார் செய்துவந்ததும் இதுவே. திருவிதாங்கூரின் இளவரசராய் 1813இல் பிறந்த சுவாதித் திருநாளுக்காக இரையிம்மன் தம்பி புனைந்த தாலாட்டு அரண்மனையில் ஒலித்தது. பெயர் தெரியாப் பெண்கள் புனைந்தவை குடிசைகளில் ஒலித்தன. இரண்டின் பயனும் ஒன்றே.

மூன்றாவது, முற்றும் உறங்குமுன் கிடத்துதல். கண்ணைக் கசக்கி, கொட்டாவி விட்டு, குழந்தை கண் செருகத் தொடங்கும் வேளையில் ஆட்டத்தை நிறுத்திப் பாயிற் கிடத்தவேண்டும். உறக்கத்தின் கடைசிப் படியை அது தானே ஏறட்டும். இஃது ஒரே நாளிற் கைகூடாது. முதற் சில நாள் தட்டிக்கொடுக்கலாம். பின்பு கையை மட்டும் மேலே வைத்திருக்கலாம். பின்பு அருகில் அமர்ந்திருந்தாற் போதும். அதன்பின் சற்று விலகி அமரலாம். அழுதால் அணுகி, தாழ்ந்த குரலில் தேற்றவேண்டும். விளக்கேற்றி விளையாட்டுக் காட்டலாகாது.

இவ்வாறு பழக்குவது குழந்தையின் மனத்தைப் புண்படுத்தாதா என்று அஞ்சுவோர் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ஏழாம் மாதத்தில் உறக்கத் தொல்லையுடையனவாயிருந்த 326 குழந்தைகளைத் தேர்ந்து, ஒரு பகுதியினரின் பெற்றோருக்கு இத்தகைய முறைகளைக் கற்பித்தனர். அக்குழந்தைகளை ஆறு வயதுவரை தொடர்ந்து நோக்கி 2012இல் முடிவை வெளியிட்டனர். மனநலத்திலோ பெற்றோர் மீதுள்ள பற்றிலோ யாதொரு குறையும் காணப்படவில்லை. எனினும், குழந்தையைத் தனியறையில் அடைத்துக் கதறவிடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தாயின் அருகே உறங்குவதே நம் வீட்டு வழக்கம். அருகே பாய் விரித்திருந்தும், உறங்கும் செயலைக் குழந்தைக்கே விட்டுவிடலாம்.

உணவும் உறக்கமும் உடன்பிறந்தவை. ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலோடு இணையுணவும் வேண்டும். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழைப்பழத்தை மசித்துக் கொடுப்பதும், ஏத்தங்காய்ப் பொடியைக் காய்ச்சிக் கொடுப்பதும் இம்மாவட்டத்தில் நெடுநாளைய வழக்கம். பகலில் வயிறு நிறைய உண்ட குழந்தை இரவில் பசிக்காக எழுவது படிப்படியாகக் குறையும். ஆயினும், மெய்யாகவே பசித்து அழும் குழந்தைக்குப் பால் மறுப்பது அறமன்று.

குழந்தை உறங்கவேண்டும் என்பதற்காக எதனையும் ஊட்டுவது மட்டும் ஒருநாளும் கூடாது. சாதிக்காயை உரைத்து நாவில் தடவும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. சாதிக்காய் மரம் நம் மாவட்டத் தோட்டங்களிலேயே வளர்கின்றது. வீட்டுப்பொருள்தானே என்னும் எண்ணம் அதனால் வருகின்றது. ஆனால் அதிலுள்ள மிரிஸ்டிசின் என்னும் பொருள் மூளையை மயக்குவது. கல்லில் உரைக்கும்போது எவ்வளவு சேர்ந்தது என்று யாராலும் அளந்து சொல்ல இயலாது. பிள்ளை வளர்ப்பான் என்று போற்றப்படும் வசம்பை, அதன் எண்ணெய் விலங்குகளுக்குப் புற்றுநோய் விளைத்தமையால், 1968ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு உணவுப் பொருள்களிற் சேர்க்கலாகாது என்று தடுத்துவிட்டது. உரை மருந்தைக் குழைக்கும் தேனும் ஒரு வயது நிறையுமுன் கொடுக்கத்தக்கதன்று. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமி குழந்தையின் தசைகளைச் செயலறச் செய்யவல்லது.

இப்பிழை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1849 முதல் விற்கப்பட்ட வின்ஸ்லோ அம்மையாரின் அமைதிப் பானகம் என்னும் மருந்தில் அபினிச் சத்தாகிய மார்பீன் கலந்திருந்தது. அழுத குழந்தைகள் அமைதியாயின. அவற்றுட் சில பின்னர் எழவேயில்லை. 1906இல் அந்நாட்டில் வந்த சட்டத்தினாலேயே உள்ளிருப்பது யாது என்று புட்டியின் மேல் எழுதும் கட்டாயம் வந்தது. நம் நாட்டிலும் 1893இல் அமைக்கப்பட்ட அபினி விசாரணைக் குழுவின் முன், குழந்தைகளுக்கு அபினி ஊட்டும் வழக்கம் குறித்துப் பலர் சாட்சி கூறினர். இன்று அபினி போயிற்று. சளி மருந்து அதன் இடத்தைப் பிடிக்கப் பார்க்கின்றது. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்னும் இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்று 2023ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஆணை பிறப்பித்தனர். மயக்கம் வேறு, உறக்கம் வேறு. முன்னது குழந்தையை அடக்குவது, பின்னது வளர்ப்பது.

படுக்கையைக் குறித்தும் சில சொற்கள். உத்தரத்தில் சேலையைக் கட்டித் தொங்கவிடும் தொட்டில், தானே எழுந்து அமரக் கற்ற குழந்தைக்கு ஏற்றதன்று. அது கவிழ்ந்து விழலாம். துணியிற் கழுத்துச் சிக்கலாம். ஆட்டி அமைதிப்படுத்த மட்டும் தொட்டிலைக்கொண்டு, உறங்குவதற்குத் தரைப்பாயைக் கொள்வது நலம். பாய் சமமாகவும் உறுதியாகவும் இருத்தல்வேண்டும். மெத்தென்ற தலையணையும் முகத்தை மூடும் போர்வையும் ஒரு வயதுவரை வேண்டா. மல்லாக்கக் கிடத்தவேண்டும். குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்கலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1992இல் அறிவுறுத்தியபின், உறக்கத்திலே காரணமின்றி நேரும் திடீர் மரணங்கள் அந்நாட்டிற் பாதிக்குமேற் குறைந்தன. புகைப்பவரும் மது அருந்தியவரும் குழந்தையோடு ஒரே படுக்கையில் உறங்கலாகாது. கொசுவலை இன்றியமையாதது.

இவ்வளவும் எல்லா வீட்டிற்கும் இயலுமா? தோவாளையில் பூ வணிகம் விடியுமுன்பே தொடங்கிவிடுகின்றது. பூத் தொடுக்கும் வீடுகளில் நள்ளிரவிலும் விளக்கெரியும். கடற்கரை ஊர்களில் தந்தைமார் இருளிலேயே கடலுக்குப் புறப்படுவர். அம்மன் கோயிற் கொடை நாள்களில் வில்லுப்பாட்டு விடியும்வரை நடக்கும். இவற்றையெல்லாம் நிறுத்த இயலாது, நிறுத்தவும் வேண்டா. மணி முன்பின் ஆகலாம், வரிசை மாறலாகாது என்பதே நான் கூறும் விதி. வேலை நடக்கும் அறையை விட்டு வேறோர் இருண்ட மூலையைக் குழந்தைக்கு ஒதுக்குங்கள். கொடை முடிந்த மறுநாளே பழைய ஒழுங்கிற்குத் திரும்புங்கள்.

குறட்டை விட்டு மூச்சுத் தடைப்படும் குழந்தையையும், எடை கூடாத குழந்தையையும், காய்ச்சலோ காதுவலியோ உற்று அழும் குழந்தையையும் பழக்கத்தினாற் சரிசெய்ய முயலலாகாது, மருத்துவரிடமே கொண்டுசெல்லவேண்டும். பல நாள் உறக்கமின்றித் தளர்ந்து, காரணமின்றிக் கண்ணீர் விடும் தாய்க்கும் மருத்துவ உதவி வேண்டும். அதனைச் சோம்பல் என்று பழிப்பது கொடுமை.

மாணவ மாணவியரே! உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்குமாயின், அந்தி விளக்கு ஏற்றியபின் தொலைக்காட்சியின் ஒலியைத் தாழ்த்துங்கள். குழந்தை முனகிய மறுகணமே தூக்காமல், அது தானே உறங்குகின்றதா என்று சிறிது பொறுத்துப் பாருங்கள். வாரத்தில் ஓரிரு நாளேனும் தொட்டிற் கடமையை நீங்கள் ஏற்று, தாயைச் சற்றே உறங்க விடுங்கள். ஆண்பிள்ளைகள் இதனைப் பெண்களின் வேலை என்று ஒதுங்கவேண்டா.

பழமொழி கூறுவதுபோலத் தொட்டிற் பழக்கம் இறுதிவரை மாறாதது அன்று. இரண்டு வாரப் பொறுமையினால் மாற்றத்தக்கது என்பதை மேலே கண்டோம். அந்தப் பொறுமை வீட்டிலுள்ள எல்லோரிடமும் இருக்கவேண்டும். தாய் ஒருத்தி மட்டும் சுமந்தால் அது பாரம். வீடே பகிர்ந்துகொண்டால் அது குழந்தைக்குக் கல்வி.